முதலாவது பயனர்

எங்கள் ஊர்களில் ஆம்பிளைக்கு வீடு கிடையாது. பிறந்து வளர்வது உம்மாவின் வீட்டில். கலியாணம் முடித்தால் மனைவியின் வீட்டில். கல்முனையிலும் அதை ஒட்டிய கரையோர ஊர்களிலும் மகளுக்கு ஒரு வீட்டைக் கட்டி வைக்காமல் எந்த வாப்பாவும் மாப்பிள்ளை கேட்டுப் போகமாட்டார். மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வருவான். அந்த வீட்டில் பிள்ளை பெறுவான், கிழவனாவான், மௌத்தாவான். கடைசிவரை அது அவளுடைய வீடுதான். இதில் ஒருவருக்கும் வெட்கம் இல்லை. எனக்கும் இருக்கவில்லை.

நான் இருந்த வீடு என் மனைவியின் வாப்பா கட்டியது. கடலடியில், கரையை ஒட்டி, இரண்டு அறை, ஒரு விறாந்தை, சிவப்புச் சாயம் கலந்து போட்ட சீமெந்துத் தரை. அந்த வளவுக்குள்தான் மகளுக்கும் ஒரு வீடு கட்டுவது என்று அத்திவாரத்துக்கு லொறியில் கல் கொண்டுவந்து பறித்து வைத்திருந்தோம். நான் கரைவலை இழுக்கிறவன். வலை இழுக்கிறவன் வீடு கட்ட எவ்வளவு காலம் எடுக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். அதனால் மகள் ஓடித்திரிந்த வயதிலேயே கல்லைப் பறித்துவிட்டோம்.

சுனாமி என்று கடல் வந்த காலையில் நாங்கள் மூன்று பேரும் எப்படித் தப்பினோம் என்பதை இங்கே எழுதமாட்டேன். அதை எழுதத் தொடங்கினால் வேறு எதையும் எழுத முடியாது. திரும்பிப் போய்ப் பார்த்தபோது சிவப்புத் தரையும் கிணறும் கிடந்தன. கல்லைக்கூடக் காணவில்லை. பிறகு, கரையிலிருந்து இவ்வளவு தூரத்துக்குள் யாரும் வீடு கட்டக்கூடாது என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. எங்களைத் தகரக் கொட்டில்களுக்கு அனுப்பினார்கள். பகலில் அந்தத் தகரத்துக்குள் இருப்பதும் அடுப்புக்குள் இருப்பதும் ஒன்று. உள்நிலத்தில் வயலை நிரப்பி வீடு கட்டித் தருவோம் என்று பல உதவிக் கூட்டத்தார் வந்தார்கள். அதில் ஒரு கூட்டத்தார் ஊருக்குள் ஒரு கல்வீட்டை வாடகைக்கு எடுத்து அலுவலகம் திறந்தார்கள். எனக்கு அங்கே பியோன் வேலை கிடைத்தது. கூட்டுவது, தேத்தண்ணி ஊற்றுவது, கடிதம் கொண்டுபோவது, ஜெனரேட்டருக்கு மண்ணெண்ணெய் வாங்கி வருவது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன், அதிகம் கதைக்கவும் மாட்டேன். அலுவலகத்தில் வாய் பேசாதவனுக்கு நல்ல பெயர்.

அங்கே ஆரம்பத்தில் எல்லாம் கடதாசியில்தான் நடந்தது. சனங்கள் நாள் முழுக்க வாசலில் நின்று, "என்ட வீடு எந்த மட்டில சேர்?" என்று கேட்பார்கள். அந்தக் கூட்டத்தைக் குறைக்கத்தான் கொழும்பிலிருந்து ஒரு பொறியியலாளரைக் கொண்டுவந்தார்கள். பொறியியலாளர் என்றால் முழங்கைவரை சட்டை மடித்த ஒரு தமிழ்ப் பொடியன். மலையகத்தில் பிறந்து கொழும்பில் படித்தவர். நான் 'சேர்' என்று கூப்பிட்டால், "அண்ணே, நான் சேர் இல்ல, தம்பி" என்பார். பிளேன்டீயை ஆறவிட்டு ஒரே மூச்சில் குடிப்பார்.

அவர் செய்ய வந்த வேலை இது. கொம்பியூட்டருக்குள் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கணக்குத் திறப்பது. காசுக் கணக்கு அல்ல, ஆள் கணக்கு. அந்த ஆள் எந்தக் கொம்பியூட்டரிலாவது தன் இலக்கத்தையும் தனக்கு மட்டும் தெரிந்த ஒரு சொல்லையும் அடித்தால், உள்ளே போய்த் தன் வீடு அத்திவாரத்தில் நிற்கிறதா, கூரையில் நிற்கிறதா என்று பார்க்கலாம். அப்படி உள்ளே போகிறவருக்குப் 'பயனர்' என்று பெயர். தகரக் கொட்டிலில் கொம்பியூட்டர் எங்கே இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. அலுவலகத்தில் ஒன்றை வைத்து நாங்களே பார்த்துச் சொல்வோம் என்று முகாமையாளர் பிறகு சொன்னார். வாசலில் கூட்டம் அப்படியேதான் நின்றது.

பொடியன் தனியாக வேலை செய்கிறவர். தனியாக வேலை செய்கிறவர்களுக்குக் கதைக்க ஒரு ஆள் வேண்டும். தேத்தண்ணிக் கோப்பையோடு நின்ற நான்தான் அந்த ஆள்.

"இங்க பாருங்கண்ணே. இதை எல்லாம் நான் ஒண்ணொண்ணா கட்டல. ஒரு பிரேம்வேர்க் இருக்கு. கதவு, ஜன்னல், நிலை எல்லாம் அதுல ரெடியா வரும். நாம செவரு மட்டும் வச்சா போதும். பயனர்னா யாருங்கறதும் அதுல ரெடியா இருக்கு. ஒரு பேரு, ஒரு மின்னஞ்சல், ஒரு பாஸ்வேட்."

"மின்னஞ்சல் எண்டா?"

அவர் சிரித்தார். "அதான் பிரச்சினை. இங்க யாருக்கும் அது இல்ல. அதுனால பயனர்னா யாருன்னு நாமளே புதுசா சொல்லணும். அதையும் இப்பவே சொல்லிடணும். முதல் கணக்கு தொறந்த பின்னாடி மாத்தப் போனா எல்லாம் ஒடஞ்சிரும்."

அத்திவாரம் போட்ட பிறகு அறையை மாற்ற முடியாதது மாதிரி என்று எனக்கு விளங்கியது.

மின்னஞ்சலுக்குப் பதிலாக அடையாள அட்டை இலக்கத்தைப் போட்டார். ஒரு இலக்கத்துக்கு ஒரு பயனர்தான். அதே இலக்கத்தோடு இன்னொருவர் வந்தால் கொம்பியூட்டர் ஏற்காது. அது களவை நிறுத்தும் என்றார். அடுத்து யார் பயனர் என்ற கேள்வி வந்தது. 'குடும்பத் தலைவர்' என்று ஒரு கட்டம் வைத்தார். அதில் புருசனின் இலக்கம். மனைவி அவருக்குக் கீழே, பிள்ளைகள் அதற்கும் கீழே. புருசன் மௌத்தாகியிருந்தால் மட்டும் மனைவி மேலே வரலாம். அதற்கு மரண அத்தாட்சி வேண்டும்.

நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு சொன்னேன். "தம்பி, எங்கட பக்கத்தில வீடு பொம்பிளைக்குத்தான்."

அவர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார். "அப்படியா? எல்லா வீடுமா?"

"ஓம். முஸ்லிம் ஆக்களுக்கும் அப்படித்தான். பக்கத்துத் தமிழ் ஊர்களிலும் அப்படித்தான்."

அவர் எழுந்து முகாமையாளரின் அறைக்குப் போனார். நல்ல பிள்ளை, உடனே போனார். முகாமையாளர் எங்கள் ஊர்க்காரர். வெள்ளைச் சேட்டும் வாசனையும், பேச்சில் எப்போதும் ஒரு இங்கிலீசுச் சொல்லும். அவர் கதவடியில் வந்து நின்று சொன்னதும் எனக்குக் கேட்டது.

"அதெல்லாம் ஊர்க் கதை தம்பி. சுற்றறிக்கையில குடும்பத் தலைவர் எண்டுதான் இரிக்கி. நாம சுற்றறிக்கையக் கட்டுவம்." பிறகு, அண்ணனுக்கு எங்கள் ஊரில் சொல்கிற சொல்லால் என்னைக் கூப்பிட்டார். "காக்கா, ஒங்கட வீட்டில தலைவர் நீங்கதானே? இல்லாட்டி பயமா?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனேன்.

அந்தக் கிழமையே பொடியன் என்னைக் கூப்பிட்டு, "அண்ணே, ஒங்க அடையாள அட்ட இருக்கா? ஒரு கணக்கு தொறந்து பாப்போம். சும்மா டெஸ்ட்தான். அப்புறம் அழிச்சிடுவேன்" என்றார். அட்டையைக் கொடுத்தேன். என் இலக்கத்தை அடித்தார். பெயரை அடித்தார். கடதாசிக் கோப்பில் பார்த்து மனைவியின் இலக்கத்தை எனக்குக் கீழே அடித்தார். பாஸ்வேடை நான்தான் அடிக்க வேண்டும், தனக்குக்கூடத் தெரியக்கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒரு சொல்லும் எனக்கு நினைவில் வரவில்லை. மனைவியின் பெயரை அடித்தேன். வீட்டில் நான் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவன் அல்ல. இங்கிலீசு எழுத்தில் அதைத் தேடித் தேடி ஒற்றை விரலால் அடித்தபோது காது சூடானது. நல்ல வேளை, திரையில் எழுத்துகள் தெரியவில்லை. வெறும் புள்ளிகள்தான் விழுந்தன.

"நீங்கதான் அண்ணே முதலாவது பயனர்" என்று கை கொடுத்தார்.

பிறகு விளையாட்டாக ஒவ்வொரு கட்டமாகத் தட்டினார். வீட்டு இலக்கம் ஒன்று. அத்திவாரம் முடிந்தது, சுவர் முடிந்தது, கூரை முடிந்தது, கையளிக்கப்பட்டது. ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு பச்சைக் கோடு நீண்டது. கடைசியில் முழுதும் பச்சை. கடலடியில் என் மாமனார் அவ்வளவு காலம் எடுத்துக் கட்டியது நான் பிளேன்டீ ஊற்றுகிற நேரத்துக்குள் எழும்பி நின்றது. அன்று எனக்கு அது சந்தோசமாகக்கூட இருந்தது.

அது அழிக்கப்பட்டிருக்கும். ஆனால் அதற்குள் வீட்டுக்குக் காசு கொடுக்கும் வெளிநாட்டு ஆட்கள் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. கொம்பியூட்டரில் காட்டுவதற்கு ஒரு வீடாவது முடிந்திருக்க வேண்டும். முகாமையாளர் என் கணக்கைப் பார்த்தார். "இது நல்லா இரிக்கே" என்றார்.

சவளக்கடைக்குப் போகிற வழியில், நிரப்பிய வயலில், உண்மையாகவே முடிந்த வீடு ஒன்று மட்டும் நின்றது. அது மாதிரி வீடு. வருகிறவர்களுக்குக் காட்டவென்று கட்டி, மஞ்சள் பூசி, ஜன்னலுக்குச் சீலை போட்டு, மேசையில் பிளாத்திக்குப் பூவும் வைத்திருந்தார்கள். அதன் வாசலில் என்னை நிறுத்திப் படம் பிடித்தார்கள். எனக்குப் படம் பிடிக்க நிற்கத் தெரியாது. கீழே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தப் படம் என் கணக்கில் ஏறியது. வெளிநாட்டு ஆட்கள் வந்து திரையில் என்னைப் பார்த்தார்கள், பிறகு நேரில் தேத்தண்ணித் தட்டோடு நின்ற என்னைப் பார்த்தார்கள். ஒரு வெள்ளைக்காரப் பெண் கண் கலங்கி என் கையைப் பிடித்தாள். கையை எப்படி எடுப்பது என்று தெரியாமல் நின்றேன்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னேன். மனைவி சிரிக்கவில்லை.

"வீட்டுக்காரி நான் இல்லாம ஆரப் படம் புடிச்ச?"

"சும்மாதான் புள்ள. அழிச்சிடுவாங்களாம்."

"என்ட வாப்பாட வளவு போனதுக்குத்தானே வீடு தாறாங்க? கணக்கு ஏன் ஒங்கட பேர்ல?"

சுற்றறிக்கை என்றேன். அந்தச் சொல்லை அவள் அதற்குப் பிறகு எங்கள் கொட்டிலில் ஒழுகும் தகரத்துக்கும் கரிந்த சோற்றுக்கும் வைத்துக்கொண்டாள். "என்ன சோறு கரிஞ்சிரிக்கி?" என்றால், "சுற்றறிக்கை வந்தது" என்பாள்.

பொடியன் என் கணக்கை மறக்கவில்லை. அடுத்த கிழமை அழித்துவிட்டுச் சரியாகத் திறந்து தருகிறேன், இப்போது வேறு வேலை என்றார். அந்த நேரம் ராணுவத்துக்கும் புலிகளுக்கும் சண்டை திரும்பவும் மூண்டிருந்தது. பாதையெல்லாம் தடை. ஒரு காலையில் அலுவலகம் வரும் வழியில் ராணுவத்தார் அவரை பஸ்ஸிலிருந்து இறக்கி வைத்துக்கொண்டார்கள். தமிழ்ப் பெயர், மலையகத்து விலாசம், பையில் கொம்பியூட்டர். இங்கே என்ன வேலை என்று கேட்டுப் பின்னேரம்தான் விட்டார்கள். அவர் வந்தபோது உதடு வெடித்திருந்தது. நான் தேத்தண்ணி கொடுத்தேன். அன்று அவர் அதைச் சூடாகவே குடித்தார்.

அவருடைய அம்மா தொலைபேசியில் அழுதிருக்கிறார். அவர் போய்விட்டார். சொல்லிக்கொண்டு போகவில்லை, அதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. பிறகு வெளிநாடு போனதாகக் கேள்விப்பட்டோம். கொம்பியூட்டருக்குள் எல்லாவற்றையும் அழிக்கவும் மாற்றவும் கூடிய ஒரே ஒரு பெரிய பயனர் இருந்தார். அது அவர்தான். அவருடைய பாஸ்வேட் அவரோடு போய்விட்டது. அலுவலகத்தில் மிஞ்சியவர்களால் புதிய கணக்குத் திறக்கலாம், பார்க்கலாம். பச்சையானதைத் திருப்பி வெள்ளையாக்க முடியாது.

வீடுகள் எழும்பத் தொடங்கின. எங்கள் கொட்டில் வரிசையில் ஒவ்வொருவராகக் கணக்குத் திறந்தார்கள். என் முறை வந்தபோது, கணக்குத் திறக்கும் பிள்ளை என் இலக்கத்தை அடித்தாள். அவளும் எங்கள் பக்கத்துப் பிள்ளைதான், என்னை 'மாமா' என்பாள். திரையில் சிவப்பாக ஒரு வரி வந்தது.

"மாமா, இந்த இலக்கத்தில ஏற்கனவே ஒரு ஆள் இரிக்காராம்."

"அது நான்தான் மகள்."

"ஒங்களுக்கு வீடு கையளிச்சாச்சு எண்டு காட்டுதே."

"அது சும்மா போட்டது."

"எனக்குத் தெரியும் மாமா. இதுக்குத் தெரியாதே." அவள் திரையைத் தொட்டுக் காட்டினாள். பாவம், அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

மனைவியின் இலக்கத்தைப் போட்டுப் பார்த்தோம். அவள் ஒரு தலைவருக்குக் கீழே உள்ளவள், தனியாக வரமுடியாது என்றது. புருசன் மௌத்தா என்று கேட்டது. பிள்ளை என் முகத்தைப் பார்க்காமல் அந்தப் பக்கத்தை மூடினாள். பயனர் என்றால் வீட்டுக்காரி என்று அன்று எழுதியிருந்தால், என் இலக்கத்தைப் போட்டு என்ன விளையாட்டு விளையாடியிருந்தாலும் எங்களுக்கு ஒன்றும் ஆகியிராது. என் பெயரில் எந்த ஊரில் வீடு இருந்தது, அதைத் தொலைக்க?

முகாமையாளர் கொழும்புக்கு எழுதினார். எழுதினார் என்றுதான் சொன்னார். பதில் வந்தது. கையளித்த வீடுகளின் தொகை வெளிநாட்டுக்கு அனுப்பியாகிவிட்டது, ஒன்றைக் குறைத்தால் ஏன் குறைந்தது என்று கேட்பார்கள், பொறுத்திருக்கவும். நாங்கள் பொறுத்திருந்தோம். மகள் பொறுத்திருக்கவில்லை. பிள்ளைகள் வளர்வதை எந்த அலுவலகத்தாலும் நிறுத்த முடியாது.

அவளுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை மோட்டார் சைக்கிள் திருத்துகிறவன், அமைதியான பிள்ளை. அவனுடைய உம்மா கொட்டிலுக்கு வந்து, மகளின் கையைப் பிடித்துப் பார்த்து, வெற்றிலை போட்டு, நல்ல மனதோடுதான் சொன்னார். "புள்ளயப் புடிச்சிருக்கு. வீடு முடிஞ்ச ஒடனே ஆள் அனுப்புங்க, நாள் வைப்பம்." தகரத்துக்குள் மாப்பிள்ளை எடுக்க முடியாது. அது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

அவர் போன பிறகு மனைவி என்னிடம் கேட்டாள். "நம்மட வீட்டு இலக்கம் என்ன எண்டீங்க?"

"ஒண்டு."

"அது எங்க நிக்கிது?"

"அது மாதிரி வீடு புள்ள."

அடுத்த நாள் நான் அலுவலகத்தில் கூட்டிக்கொண்டிருந்தபோது தொலைபேசி வந்தது. மாதிரி வீட்டுக் காவல்காரர். "ஒரு பொம்பிளை ஆட்டோவுல வந்து, பாயும் பானையும் இறக்கி, உள்ள போய் இரிக்கா. சாவி என்ட கையில, கதவு தொறந்து கிடந்தது, கூட்டிக்கிட்டிருந்தன். இப்ப அவ என்னை வெளிய நிண்டு கூட்டச் சொல்றா."

முகாமையாளர் மோட்டார் சைக்கிளில் என்னையும் ஏற்றிக்கொண்டு போனார். பிளாத்திக்குப் பூவை வெளித்திண்டில் எடுத்து வைத்துவிட்டு, மேசையில் அரிசிப் பானையை வைத்திருந்தாள். மகள் வரவில்லை, அது ஒரு நிம்மதி.

"தங்கச்சி, இது மாதிரி வீடு. ஆக்கள் குடியிருக்கிற வீடு இல்ல" என்றார் முகாமையாளர்.

"கொம்பியூட்டர்ல நாங்க இதுலதானே இரிக்கம்?"

"அது கொம்பியூட்டர்ல."

"வேற வீடு கேட்டா, கொம்பியூட்டர்ல ஒங்களுக்கு வீடு இரிக்கி எண்டு சொல்ற. அந்த வீட்டில வந்து இரிந்தா, அது கொம்பியூட்டர்லதான் எண்டு சொல்ற. மறுகா நாங்க எங்க போய்ப் படுக்கிற? அந்தப் பெட்டிக்குள்ளயா?"

காவல்காரர் விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு நின்று கேட்டார்.

"தலைவர் ஒங்கட மாப்பிள்ள. அவர் பேர்லதான்..." என்று தொடங்கினார் முகாமையாளர்.

"சேர் இரிக்கிற வீடு ஆர்ர வீடு?"

முகாமையாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஊருக்கே தெரியும், நான் சொல்லவா? ஒங்கட மனுசிட வீடு. அவவுட வாப்பா கட்டின. அவவுக்குக் கீழதானே சேர் நீங்க வாற? அவ ஒங்களுக்குப் பாஸ்வேட் தந்திரிக்காவா, இல்ல தட்டித்தான் உள்ள போறீங்களா?"

காவல்காரர் சிரித்துவிட்டார். சிரித்ததை இருமலாக்கினார். முகாமையாளரின் முகம் கறுத்தது. என்னைத்தான் வெளியே கூப்பிட்டார்.

"காக்கா, பின்னேரம் வெளிநாட்டு ஆக்கள் வாறாங்க. நான் பொலிசுக்கு அடிக்க விரும்பல்ல. ஒங்களுக்கு வேலை வேணும்தானே?"

வேலை வேண்டும். மகளுக்கு என்று கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்வது அந்த வேலையில்தான். உள்ளே போனேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பானையைத் தூக்கினாள். நான் பாயைச் சுருட்டினேன். போகும்போது அவள் பிளாத்திக்குப் பூவை எடுத்து, இருந்த இடத்தில் சரியாக வைத்தாள். அதில் இருந்த தூசியைத் தன் முந்தானையால் துடைத்தும் வைத்தாள். அதை ஏன் செய்தாள் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. பின்னேரம் வந்தவர்கள் வீட்டை நன்றாக வைத்திருக்கிறார்கள் என்று சொன்னார்களாம்.

அதற்குப் பிறகு வந்த மே மாதத்தில் சண்டை முடிந்தது. ஊரில் பட்டாசு வெடித்தது. கடைகளுக்குக் கொடி கட்டச் சொன்னார்கள், கட்டினார்கள். சந்தியில் ராணுவத்தார் பாற்சோறு கொடுத்தார்கள். நானும் வாங்கித் தின்றேன். இனிப் பாதையில் ஆளை இறக்க மாட்டார்கள் என்று நினைத்தால் நிம்மதியாக இருந்தது. பக்கத்துத் தமிழ் ஊரால் சைக்கிளில் போனபோது கதவுகள் பூட்டிக் கிடந்தன. வெடித்த உதட்டோடு தேத்தண்ணி குடித்த அந்தப் பொடியன் எங்கே இருந்து இதைப் பார்க்கிறாரோ என்று நினைத்தேன். அவர் திரும்பி வரலாம், வந்தால் பாஸ்வேட் வரும் என்றும் நினைத்தேன். பொய் சொல்ல என்ன இருக்கிறது, பிந்தியதைத்தான் அதிகமாக நினைத்தேன்.

அவர் வரவில்லை. வெளிநாட்டு ஆட்கள்தான் போகத் தொடங்கினார்கள். கடலும் முடிந்தது, சண்டையும் முடிந்தது, இனி வேறு நாட்டில் வேலை இருக்கிறது என்றார்கள். திட்டம் முழுமையாக நிறைவேறியது என்று ஒரு கூட்டம் வைத்துக் கேக் வெட்டினார்கள். கேக்கைத் தட்டுகளில் வைத்துக் கொடுத்தவன் நான்தான். சாமான்களை லொறியில் ஏற்ற ஆள் போதவில்லை. கொம்பியூட்டர் பெட்டியை என்னிடம் தந்து, "கவனம் காக்கா, எல்லாம் அதுக்குள்ளதான் இரிக்கி" என்றார் முகாமையாளர். எனக்கும் தெரியும். நான் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டுபோய் லொறியில் மெத்தைக்கும் அலுமாரிக்கும் நடுவில் இடித்துவிடாமல் வைத்தேன். என் கணக்கும் மனைவியின் பெயரும் பச்சைக் கோடும் அதற்குள் இருந்தன. கயிற்றையும் நானே கட்டினேன்.

மாதிரி வீட்டை யாருக்குக் கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியும். எழுதினால் அவர்களுக்கு வெட்கம். அவர்களும் கடலில் எல்லாம் இழந்தவர்கள்தான்.

தகரக் கொட்டில்களைக் கழற்றச் சொன்னபோது, சவளக்கடையில் இருக்கும், மனைவியோடு கூடப்பிறந்த மூத்த ராத்தா தன் வீட்டுப் பின்பக்கத்து அறையைத் தந்தார். மகளின் கலியாணம் நடந்தது. மாப்பிள்ளையின் உம்மா கடைசிவரை நல்ல மனுசி. "பரவாயில்ல, நாங்க புள்ளயக் கூட்டிட்டுப் போறம்" என்றார். அந்த நல்ல சொல்லைக் கேட்டு என் மனைவி குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எங்கள் குடும்பத்தில், கேள்விப்பட்ட காலத்திலிருந்து, கலியாணத்தன்று வீட்டை விட்டுப் போகிறவன் மாப்பிள்ளைதான். பெண் போனதில்லை. வாகனத்தில் மகளின் அலுமாரியை ஏற்றியபோதும் கயிற்றை நான்தான் கட்டினேன்.

முதல் முறை அவளைப் பார்க்கப் போனோம். மாமியாரின் வீடு, சுத்தமான வீடு. மகள் எங்களைக் கண்டு எழும்பினாள். தேத்தண்ணி வைக்கத் திரும்பினாள். திரும்பியவள் நின்று, மாமியாரின் முகத்தைப் பார்த்தாள். மாமியார், "போங்க மகள், போட்டுட்டு வாங்க" என்றார். அவர் குரலில் ஒரு குறையும் இல்லை. அவள் பார்த்தாளே, அதுதான். தன் உம்மாவுக்குத் தேத்தண்ணி வைக்க ஒருவரின் முகத்தைப் பார்த்த பெண்ணை என் மனைவி தன் வம்சத்தில் அதற்கு முன் கண்டதில்லை. கோப்பையை வாங்கினாள், குடித்தாள், சீனி சரியாக இருக்கிறது என்று சொன்னாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் இருந்தாள். பஸ் கிட்டங்கிப் பாலத்தைத் தாண்டியது. அந்த வீட்டுத் திட்டத்துக்குத் திரும்பும் சந்தி வந்தது. பஸ் மெதுவாகியது, யாரோ இறங்கினார்கள். அவள் என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"இஞ்சாருங்க, ஒங்கட வீடு வந்திட்டு. இறங்கல்லியா?"

முன் ஆசனத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்து, நாங்கள் இறங்க வழிவிட்டுக் காலை ஒதுக்கினார். நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். பஸ் எடுத்தது.